எட்டாம் வகுப்பில் வளரிளம் பருவப் பாடம்: எங்கிருந்து ஆரம்பிப்பது, எதுவரை போகலாம்?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு வாரம் ஒரு பீரியட் வளரிளம் பருவ நலமும் வாழ்க்கைத் திறன்களும் எடுக்கச் சொல்லி என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு சின்னப் பயிற்சியும் ஒரு கையேடும் கிடைத்தன. இருபாலர் பள்ளி. பிள்ளைகள் சிரிப்பார்கள், பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்று பயமாக இருக்கிறது. "இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போவார்கள்" என்று சக ஆசிரியர்களே சொல்கிறார்கள். எதிலிருந்து ஆரம்பிப்பது, எதுவரை போகலாம்?

பதில்:

கெட்டுப்போவார்கள் என்ற பேச்சை முதலில் முடித்துவிடுவோம். யுனெஸ்கோ 2009-ல் பாலியல் கல்விக்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டு 2018-ல் திருத்தி எழுதியது. அதற்காகப் பல நாட்டு ஆய்வுகளைப் பரிசீலித்தார்கள். இந்தக் கல்வியால் பிள்ளைகளிடம் பாலுறவோ ஆபத்தான நடத்தையோ கூடவில்லை. பல இடங்களில் முதல் உறவு தள்ளித்தான் போயிருக்கிறது. "திருமணம் வரைக்கும் வேண்டாம்" என்று மட்டும் போதித்த திட்டங்களால் அந்தப் பலன்கூடக் கிடைக்கவில்லை. சக ஆசிரியர்களிடம் இதைச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இந்தச் சண்டை நம் நாட்டுக்குப் பழையது. 2005-ல் மத்திய அரசு கொண்டுவந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை, அதன் படவிளக்க அட்டைகளைப் பார்த்துக் கொதித்துப்போய் 2007-ல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்கள் நிறுத்தின. 2009-ல் மாநிலங்களவை மனுக்கள் குழுவே பள்ளியில் பாலியல் கல்வி கூடாது என்று அறிக்கை கொடுத்தது. பெரியவர்கள் இப்படி விவாதித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் பிள்ளைகள் கைக்குச் செல்போன் வந்து சேர்ந்தது. அப்புறம் 2020-ல் பள்ளி நலவாழ்வுத் திட்டம் வந்து, பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், முடிந்தால் ஓர் ஆண், ஒரு பெண் என்று வைத்தார்கள். வளர்ச்சி, மனநலம், பாலினச் சமத்துவம், உணவு, போதை, இனப்பெருக்க நலம், இணையப் பாதுகாப்பு என்று தலைப்புகள் மொத்தம் 11. 2024 செப்டம்பரில், குழந்தைகளின் ஆபாசப் படங்கள் தொடர்பான ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவை ரத்து செய்தபோது, முழுமையான பாலியல் கல்வி வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் பரிந்துரைத்தது. ஆகவே நீங்கள் திருட்டுத்தனமாக எதையும் செய்யவில்லை. எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே 'வளரிளம் பருவமடைதல்' என்று ஒரு பாடம் இருக்கிறது. "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிப்போவது நம் வழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான்.

இனி ஆரம்பம். கையேட்டின் முதல் பாடத்தை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். முதலில் ஒரு கேள்விப் பெட்டி வையுங்கள். காலி சாக்பீஸ் டப்பாவே போதும். எல்லோருக்கும் ஒரே அளவில் கிழித்த தாள், ஒரே நிற மை. பெயர் எழுதக் கூடாது. கேள்வி இல்லாதவர்கள், கரும்பலகையில் நீங்கள் எழுதிப்போடும் இரண்டு வரியைப் பார்த்து எழுத வேண்டும். இதை விட்டுவிடாதீர்கள். சிலர் மட்டும் பேனாவை எடுத்தால், யார் கேட்டது என்று பின்பெஞ்சு ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும். தாள்களை வகுப்பிலேயே பிரித்துப் படிக்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோங்கள். உங்களைச் சீண்டிப்பார்க்க எழுதியது, உண்மையான சந்தேகம், உதவி கேட்பது என்று மூன்றாகப் பிரியும். மூன்றாவது வகை ஒன்று வந்தாலும் அடுத்த வாரப் பீரியட் வரை காத்திருக்க வேண்டாம். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இந்தப் பெட்டிதான் உங்கள் பாடத்திட்டம். பிள்ளைகளுக்குத் தகவல் எங்கிருந்தாவது கிடைத்துவிடும். கேட்டால் அடி விழாது, சிரிக்க மாட்டார்கள், அம்மாவிடம் போட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்று நம்பிக் கேட்க ஓர் ஆள்தான் கிடைப்பதில்லை. அந்த ஆளாக நீங்கள் ஆகிவிட்டால் மற்றதெல்லாம் மெள்ள வரும். முதல் கேள்விக்கு முகத்தைச் சுளித்தீர்களானால் கையேட்டை முழுக்க மனப்பாடம் செய்தாலும் பயனில்லை.

என்ன கேள்விகள் வரும்? ஊருக்கு ஊர் பெரிய வித்தியாசம் கிடையாது.

"பையனுக்கு மாரு பெருசாகுமா?" என்று ஒன்று நிச்சயம் வரும். எழுதியவன் பல மாதமாகச் சட்டைக்குள் பனியன் மேல் பனியன் போட்டுக்கொண்டு, பி.இ.டி. பீரியடில் வயிற்றுவலி என்று உட்கார்ந்திருப்பவனாக இருக்கலாம். பருவமடையும் பையன்களில் சுமார் பாதிப் பேருக்குக் காம்புக்கு அடியில் சின்னக் கட்டிபோல வீக்கம் வரும். ஹார்மோன் மாற்றத்தால் வருவது. பெரும்பாலும் ஆறு மாதம் முதல் இரண்டு வருடத்தில் தானாக அடங்கிவிடும். நாலு வாக்கியம்தான். இதைச் சொன்ன அன்றைக்கு ஒரு பிள்ளை நிம்மதியாகத் தூங்குவான்.

அடுத்தது விந்து. "தூக்கத்தில் வெளியேறுகிறது, ரத்தம் குறைந்துவிடுமா, பைத்தியம் பிடிக்குமா?" நாற்பது சொட்டு ரத்தம் சேர்ந்து ஒரு சொட்டு விந்து என்ற கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நரேந்திர நாத் விக் என்ற மனநல மருத்துவர் 1960-ல் இந்தப் பயத்துக்கே 'தாத் நோய்க்குறி' என்று பெயர் வைத்தார். உடம்பில் ஒரு குறையும் இருக்காது. விந்து போய்விடுகிறதே என்ற கவலையிலேயே ஆள் இளைத்துப்போவான். இந்தப் பயத்தை வைத்துப் பிழைப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் போஸ்டர், இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியர் தங்குகிறார் என்ற விளம்பரம், ராத்திரி டிவியில் "இளைஞனே, நீ செய்த தவறு" என்று மிரட்டும் நிகழ்ச்சி. இத்தகைய விளம்பரங்களைத் தடுக்க 1954-லேயே சட்டம் போட்டாயிற்று. போஸ்டர் மட்டும் கிழியவில்லை. நீங்கள் சொல்ல வேண்டியது இதுதான்: தூக்கத்தில் விந்து வெளியேறுவது பருவமடைந்ததன் அடையாளம், நோய் இல்லை. சுய இன்பத்தால் பலவீனமோ, கண் பார்வைக் கோளாறோ, பிற்காலத்தில் குழந்தையின்மையோ வராது. அது தனிமைக்குரிய விஷயம், பொது இடத்துக்கு ஆகாது. அதற்கு மேல் புகழவும் வேண்டாம், பழிக்கவும் வேண்டாம். ஒரு பெண் ஆசிரியை இதைப் பையன்களிடம் சொல்லலாமா என்றால், சொல்லலாம். கூச்சமாக இருந்தால் அந்த ஒரு பீரியடை உங்கள் ஆண் சகாவிடம் கொடுங்கள். ஆனால் அவர் நெளிபவராக இருந்தால் நீங்களே எடுப்பது மேல்.

பெண் பிள்ளைகளின் கேள்விகள் பெரும்பாலும் மாதவிடாய் பற்றியே இருக்கும். ஊறுகாய் கெட்டுப்போகுமா, செடி வாடுமா, தலைக்குக் குளிக்கலாமா, பி.இ.டி. பீரியடில் ஓடலாமா. ஊறுகாய்க்கு ஒன்றும் ஆகாது, ஓடலாம், குளிக்கலாம். "என் கூடப் படிக்கிறவங்க எல்லாம் வயசுக்கு வந்துட்டாங்க, நான் மட்டும் வரலை" என்று ஒன்று வரும். பத்து வயதிலும் வரலாம், பதினாலிலும் வரலாம். பதினைந்து முடிந்தும் வரவில்லையென்றால் ஜி.எச்.சில் காட்டச் சொல்லுங்கள். முதல் ஒன்றிரண்டு வருடம் தேதி முன்பின்னாகப் போவதும் சகஜம்தான்.

நாப்கினை வகுப்பில் பிரித்துக் காட்டுங்கள், பையன்களும் இருக்கும்போதே. ஒரு டம்ளர் தண்ணீரில் சிவப்பு மை கலந்து, முப்பது மில்லியை அளந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பொதுவாக ஐந்து நாளும் சேர்த்துப் போகும் ரத்தம் 30 முதல் 80 மில்லிக்குள்தான் இருக்கும் என்று தெரியும்போது, "உடம்பு ரத்தமெல்லாம் போகுதாமே" என்ற பயம் அங்கேயே கரையும். அதற்கு மேல் போகிறது, ஒரு நாப்கின் இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடலாம். நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். அதைச் சொல்வதற்கு முன் உங்கள் பள்ளிக் கழிப்பறைக்குப் போய்ப் பார்த்துவிடுங்கள். தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா, மூடி போட்ட குப்பைக்கூடை இருக்கிறதா? இல்லையென்றால் அந்தப் பாடம் கேலிக்கூத்து. காலையில் வைத்த நாப்கினோடு சாயங்காலம் வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எதை வைத்துச் சுகாதாரம் போதிப்பது? தாழ்ப்பாள் வாங்கித்தரச் சொல்லித் தலைமையாசிரியரிடம் நிற்பதும் இந்தப் பாடத்தின் ஒரு பகுதிதான்.

ரத்தசோகையை இதோடு சேர்த்தே பேசலாம். ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது; அதே வயதுப் பையன்களில் 31.1 சதவீதம். வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள், பாதி ஜன்னல் வழியாகப் பறக்கிறது. மலம் கறுப்பாகப் போகும், வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாததுதான் காரணம். மதிய உணவுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள். டீயோடு வேண்டாம்.

எச்.ஐ.வி. பற்றி நீட்டி முழக்க வேண்டாம். 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில்தான் கண்டுபிடித்தார்கள், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். இந்தக் கதையைப் பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்பார்கள். 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' விளம்பரம் அவர்களுடைய அப்பா அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும். அதை ஊரே கிண்டலடித்தது. கிண்டலடித்தபடியே ஊர் அதைப் பற்றிப் பேசவும் செய்தது, அது சாதாரண விஷயம் இல்லை. தொடுவதால், சேர்ந்து சாப்பிடுவதால், கொசுக்கடியால் பரவாது. பாதுகாப்பில்லாத உறவு, ரத்தம், ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு, இவைதான் வழிகள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் நீண்ட நாள் வாழலாம். எட்டாம் வகுப்புக்கு இது போதும்.

இப்போது வாழ்க்கைத் திறன்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பத்துத் திறன்கள் பட்டியல் உங்கள் கையேட்டில் இருக்கும்: தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று பார்த்தல், முடிவெடுத்தல், மன அழுத்தத்தைக் கையாளுதல் என்று போகும். சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள், ஆய்வுக்கு வரும் அதிகாரி பார்த்துத் தலையாட்டுவார். அத்தோடு சரி. திறன் என்றால் நீச்சல் மாதிரி, தண்ணீரில் இறங்காமல் வராது. ஆகவே நடிக்க வையுங்கள்.

ஒரு சூழ்நிலை கொடுங்கள்: இன்ஸ்டாகிராமில் இரண்டு மாதப் பழக்கம், நேரில் பார்த்ததில்லை, "ஒரே ஒரு போட்டோ, டிரஸ் இல்லாம, என்னை நம்பலையா?" என்று செய்தி வருகிறது. பதிலை இரண்டிரண்டு பேராக எழுதச் சொல்லுங்கள். முதல் சுற்றில் எல்லாம் சினிமா வசனமாக வரும். "என்னைப் பத்தி என்னடா நெனச்சே" வகை. கைத்தட்டி முடித்த பிறகு, "சரி, நிஜமாகவே டைப் பண்ணுவீர்களா?" என்று கேட்டு இன்னொரு முறை எழுத விடுங்கள். அப்போதுதான் "அனுப்ப மாட்டேன். திரும்பக் கேட்டா பிளாக் பண்ணிடுவேன்" என்பது போல் உதவுகிற வாக்கியம் பிறக்கும்.

பெரும்பாலான வகுப்புகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. நீங்கள் மூன்றாவது சுற்றுக்குப் போங்கள்: ஏற்கெனவே அனுப்பியாயிற்று, இப்போது பணம் கேட்டு மிரட்டுகிறான். உயிரை மாய்த்துக்கொள்ளும் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் தனியாக நிற்கிறார்கள். பணம் கொடுக்கக் கூடாது. செய்திகளை அழிக்கக் கூடாது, அவைதான் சாட்சி. ஒரு பெரியவரிடம் சொல்ல வேண்டும். 1930 சைபர் குற்ற உதவி எண். 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது, 18 வயதுக்குக் கீழ் இருக்கும்போது எடுத்த படத்தை எங்கும் ஏற்றாமலே அதன் டிஜிட்டல் கைரேகையை மட்டும் எடுத்து, அதில் இணைந்திருக்கும் தளங்களில் பரவாமல் தடுக்க உதவும். இத்தனைக்கும் மேலாக ஒன்றைச் சொல்லுங்கள்: "தப்பு மிரட்டுபவனுடையது, உன்னுடையது இல்லை." மனநல உதவிக்கு 14416 எண்ணைக் கரும்பலகையில் எழுதி, நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

'வேண்டாம்' என்று சொல்லப் பெண் பிள்ளைகளுக்குப் பழக்குகிறோம். அதைக் கேட்டு நகரப் பையன்களுக்கு யாரும் பழக்குவதில்லை. கதாநாயகி பின்னாலேயே அலைந்தால் கடைசி ரீலில் சம்மதிப்பாள் என்றுதான் அவன் பார்த்த படமெல்லாம் சொல்லியிருக்கிறது. ஒருவன் காதலைச் சொல்லி மறுப்பு வாங்கியதாக நடிக்க வையுங்கள். அவனைவிட அவன் நண்பர்களாக நடிப்பவர்களைக் கவனியுங்கள். "மச்சான், விடாதடா" என்று ஏற்றிவிடுகிறார்களா, "வாடா, டீ குடிக்கப் போவோம்" என்று இழுத்துப்போகிறார்களா? அங்கே நிறுத்திப் பேசுங்கள்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தைச் சொல்லாமல் இந்த வகுப்பு முடியாது. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் இருக்கும் எல்லோரும் அதில் குழந்தைகள்தான், ஆண் குழந்தையும்தான். 2007-ல் மத்திய அரசு 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில் 53 சதவீதக் குழந்தைகள் ஏதோ ஒருவகைப் பாலியல் அத்துமீறலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்குமேல் பையன்கள். ஆகவே 'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' பாடத்தைப் பெண்களுக்கு மட்டும் எடுக்காதீர்கள். இன்னொரு பக்கமும் உண்டு. பதினாறு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் விரும்பி ஓடிப்போனாலும் சட்டம் சம்மதத்தைப் பார்க்காது. பையன் சிறைக்குப் போவான். இத்தகைய வழக்குகள் குவிவதைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றமே 2021-ல் கவலை தெரிவித்தது. பயமுறுத்தாமல், ஆனால் மழுப்பாமல் இதை ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்லிவிட வேண்டும்.

இனி அந்த மூன்றாவது வகைத் தாள். "எங்க சித்தப்பா ராத்திரி பக்கத்துல வந்து படுக்கிறாரு" என்று ஒரு வரி. அல்லது பீரியட் முடிந்ததும் ஒரு பிள்ளை மேசை அருகில் நின்று, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மிஸ்" என்று கேட்கும். சத்தியம் செய்யாதீர்கள். "உனக்கு உதவுகிறவர்களிடம் மட்டும் சொல்வேன், யாரிடம் என்று உனக்கு முதலில் சொல்வேன்" என்பதுதான் நேர்மையான பதில். உட்கார வையுங்கள், கேளுங்கள், "முன்னாடியே ஏன் சொல்லலை?" என்று கேட்காதீர்கள், துருவித் துருவி விவரம் பிடுங்காதீர்கள். பிள்ளை சொன்ன சொற்களையே தேதி போட்டு எழுதிவையுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல்துறைக்கோ தகவல் கொடுப்பது உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது இல்லை. சட்டத்தின் 19-ஆம் பிரிவு கட்டாயமாக்கியிருக்கிறது, மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத் தலைவருக்கு ஒரு வருடம் வரை. "குடும்ப மானம், பேசி முடிச்சுக்கலாம்" என்று யாராவது வருவார்கள். வருபவர் உங்கள் பள்ளிக்காரராகவே இருக்கலாம். சம்பந்தப்பட்டவரையோ குடும்பத்தையோ நீங்களே கூப்பிட்டு விசாரித்தால் அன்றைக்கு ராத்திரி அடி வாங்குவது அந்தப் பிள்ளைதான். குற்றம் சாட்டப்பட்டவர் ஆசிரியராக இருந்தால் தாமதிக்காமல் நேரே 1098-ஐக் கூப்பிடுங்கள்.

பெற்றோர் விஷயத்தில் முந்திக்கொள்ளுங்கள். வகுப்பு தொடங்கும் முன்பே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தலைப்புகளை வாசித்துக்காட்டி, கையேட்டை மேசையில் திறந்து வையுங்கள். கிராம சுகாதாரச் செவிலியரைக் கூட அழைத்தால் பாதி வேலை முடிந்தது. அந்த நர்சம்மா பிரசவம் பார்த்த பிள்ளைகளின் தாய்மார்கள்தான் எதிரில் உட்கார்ந்திருப்பார்கள். போக்சோவையும் போன் மிரட்டலையும் முதலில் பேசுங்கள். எதிர்ப்பவரும் அந்த இடத்தில் காது கொடுப்பார். வயதுக்கு வந்த பெண்ணின் படத்தை முச்சந்தியில் பிளெக்ஸ் அடித்து வைத்து, மஞ்சள் நீராட்டுக்கு ஊரையே கூப்பிட்டு மொய் வாங்குகிற நாம், அந்தப் பெண்ணிடம் உடம்பைப் பற்றிப் பேசுவது அசிங்கம் என்கிறோமே என்று எனக்கு வாய் வரை வரும். கூட்டத்தில் அதைச் சொல்ல வேண்டாம்.

எதுவரை போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். கருத்தடை முறைகள் பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் விரிவாக வருகின்றன. ஆனால் வணிகவியல் எடுப்பவருக்கும், பத்தோடு நிற்பவருக்கும், பதினேழில் கட்டிக்கொடுக்கப்படுபவருக்கும் அந்தப் பாடம் கிடைப்பதே இல்லை. ஆகவே ஒன்பதாம் வகுப்பில் யாராவது பெட்டியில் கேட்டால், ஆணுறை கர்ப்பத்தையும் பால்வினை நோய்களையும் தடுக்க உதவுகிறது, கருத்தடை மாத்திரைகள் இருக்கின்றன, இவற்றுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆலோசனை கிடைக்கும் என்ற அளவுக்குச் சொல்லலாம். எட்டாம் வகுப்பில் அவர்களே கேட்காதவரை வேண்டாம். பாலுறவின் செய்முறை விவரங்களைக் கேட்டு ஒரு தாள் வந்தால், அது பெரும்பாலும் உங்கள் முகம் சிவக்கிறதா என்று பார்க்கத்தான். புத்தகத்தில் உள்ள சொற்களில் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு அடுத்த தாளுக்குப் போங்கள்.

"மிஸ், உங்களுக்கு லவ் மேரேஜா?" என்றும் கேட்பார்கள். உங்கள் சொந்த விஷயம் எதையும் வகுப்பில் பேசுவதில்லை என்று முதல் நாளே விதியாக்கிவிடுங்கள். அவர்களுக்கும் அதே விதி: யாரும் தன் வீட்டுக் கதையை எல்லோர் முன்னிலும் சொல்ல வேண்டியதில்லை. "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்" என்று ஆரம்பித்தால் போதும். அந்த ஒருத்தர் யார் என்று நீங்களும் கேட்கக் கூடாது.